மடி தந்த உறவு

குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை தூவும் இந்நாட்களில், அதே மலைத்தொடரின் அடிவாரத்திலே தெற்கே உள்ள டோனாவூர் இல்லம் என் நினைவுக்கு வருகிறது.

1901-ஆம் ஆண்டு, தேவதாசியாக்கப்படவிருந்த பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி தப்பியோடி வந்து, அயர்லாந்து தேசத்தவரான ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் மடியில் அமர்ந்து, தான் பட்ட துன்பத்தைத் துணிப்பொம்மையைக் கொண்டு செய்து காட்டினாள். அன்று பிறந்த பந்தம் டோனாவூர் இல்லமாகி, நூற்றுக்கணக்கான குழந்தைகளைத் தழுவி வளர, அவர்களுக்கெல்லாம் ‘அம்மா’வாகிய அப்பெருமாட்டி 1951-இல் மறையும்வரை தாய்நாடு திரும்பவேயில்லை.

இரத்த சம்பந்தமில்லாத இடத்திலும் வாத்ஸல்யம் வேரூன்றும். ஆயினும் அதற்குப் பொறுமை வேண்டும். புதிதாய் வந்த பிள்ளை தலையணைக்கடியில் முறுக்கை ஒளித்து வைத்தால் அது களவன்று, நாளைய பசியைப் பற்றிய அச்சம். அதட்டாமல் இன்னும் இரண்டு முறுக்கைக் கையில் கொடுப்பவரே அப்பிள்ளைக்குப் பெற்றோராகிறார்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, மாவட்டக் குழந்தைகள் நலக்குழு தற்காலிக வளர்ப்புக்காக ஒப்படைக்கும் குழந்தை, பெற்றெடுத்தவர்களின் நிலை சீரானபின் அவர்களிடமே திரும்பக்கூடும் என்பதை அறிந்தும் நெஞ்சாரச் சீராட்டுகிறார்களே, அந்த வளர்ப்புப் பெற்றோரின் அன்பை எவ்விதம் போற்றுவது! அவ்விதம் ஒரு குழந்தையை ஏற்க மனமுள்ளவர்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.