காய்ச்சல் இறங்கிய பின்னர்

(நமது பள்ளிவாசலில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தாய் "கொதிக்கிறதே" என்று சொன்ன மாத்திரத்தில் வீடே பதறிவிடுகிறது. கம்பளியைத் தேடுவோர் ஒருபுறம், சென்ற மாதம் மூத்தவனுக்கு வாங்கி மீதமான மருந்தைத் தேடுவோர் மறுபுறம். ஓதிப் பார்க்கத் தூக்கிச் செல்வோரும் உண்டு. அதில் மனத்துக்கு ஆறுதல் உண்டு. மருத்துவரிடம் செல்வதை அது தாமதப்படுத்தக் கூடாது, அவ்வளவே.

காய்ச்சல் என்பது தனியொரு நோயன்று. உட்புகுந்த கிருமியை எதிர்க்க உடல் தானே உயர்த்திக்கொள்ளும் வெப்பம் அது. 102 டிகிரியிலும் ஓடி விளையாடும் குழந்தையைவிட, 100 டிகிரியில் எதுவும் பருகாமல் துவண்டு கிடக்கும் குழந்தைக்காகவே நாம் அஞ்ச வேண்டும். மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு மட்டும் இக்கணக்குப் பொருந்தாது. அதற்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே, நள்ளிரவானாலும் மருத்துவமனைதான்.

மருந்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பாராசிட்டமால் சிரப் 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ளதாகவும், 250 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்தே அளவு; கிலோ ஒன்றுக்குச் சுமார் 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு முதல் புட்டியில் 6 மில்லி என்றால், இரண்டாவதில் 3 மில்லிதான். "ஒரு மூடி ஊற்று" என்று என் வீட்டிலும் சொல்லி வந்தோம். இரண்டும் ஒன்றென்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன்!

நிற்க. இன்று நான் சொல்ல வந்தது டெங்குவைப் பற்றி. 2012ஆம் ஆண்டில் தமிழகத்தில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குவால் பாதிக்கப்பட்டு, 66 பேர் இறந்தனர். இராஜபாளையத்தைத் தாண்டித் தென்காசி செல்லும் வழியிலுள்ள கடையநல்லூரும் அவ்வாண்டு பெரிதும் அவதியுற்றது. நம் ஊரிலும் குழாய்த் தண்ணீரைத் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். அந்தக் கொசுவுக்கு வேண்டியதும் அந்த நல்ல தண்ணீர்தான்.

டெங்குவில் நம்மை ஏமாற்றுவது காய்ச்சல் இறங்கும் நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் உடல் குளிர்கிறது. தாய் நிம்மதி அடைகிறாள். குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிடுகிறாள். ஆனால் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து, இரத்த அழுத்தம் வீழ்வது பெரும்பாலும் அதையடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில்தான். வெப்பமானி 98 காட்டும். கையும் காலும் சில்லிட்டிருக்கும். கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், காரணமற்ற தூக்கக் கலக்கம் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும், விடியட்டும் என்று காத்திராமல் வத்திராயிருப்புக்கோ ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ புறப்பட்டுவிடுங்கள்.

காய்ச்சலை விரைவில் இறக்கும் என்று கடையில் கேட்டு வாங்கும் இபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகியவை டெங்குவில் இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடியவை. டெங்கு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை அவற்றைத் தொடாதீர்கள். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுத்து வாருங்கள். காய்ச்சல் விட்ட அந்த இரண்டு நாளும், குழந்தை கடைசியாகச் சிறுநீர் கழித்தது எப்போது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் அதுவும் ஒன்று.