வானக்கப்பலும் மனித சமத்துவமும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றக்கூடும். கோயில், சடங்கு, ஜாதி, கலியாணம் ஆகியவைகளைப் பற்றிப் பேசி வந்தவர்கள், திடீரென்று அமெரிக்காக்காரனும் இங்கிலீஷ்காரனும் தொலைக்காட்சியில் காட்டுகிற வானக்கப்பல் கதைகளைப் பேச வந்துவிட்டார்களே, இவர்களுக்கு வேறு வேலையில்லையா என்றுகூட நினைக்கலாம். ஆனால் நாம் அந்தக் கதைகளைக் கதைக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நாட்டார் தங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கதையைச் சொல்லி வளர்க்கிறார்களோ அந்தக் கதையின் புத்திதான் அந்தப் பிள்ளைகளுக்கு வரும் என்பது நமது அபிப்பிராயம். புராணக்காரர்கள் இதை நமக்கு வெகு காலத்துக்கு முன்னாலேயே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். ஆதலால் கதை விஷயத்தில் நாம் அலட்சியமாய் இருக்கக் கூடாது.

புராணத்துக்கும் இந்த விஞ்ஞானக் கதைகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நல்ல காலமெல்லாம் கிருதயுகத்தோடு போய்விட்டது, இனி வரவரக் கேடுகாலந்தான் என்பது புராணம். நல்ல காலம் இனிமேல்தான் வரவேண்டும், அதையும் மனிதன்தான் உண்டாக்க வேண்டும் என்பது விஞ்ஞானக் கதை. பெரியார் அவர்களும் 'இனிவரும் உலகம்' என்று 1940-களில் சொன்னபோது, ஆளுக்கொரு ரேடியோ இருக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மனிதனுக்கு மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்பதையும் சேர்த்தே சொன்னார். இயந்திரம் மாறி மனிதன் மாறாவிட்டால் அது வருங்காலமாகாது. இந்த அளவுகோலை வைத்துத்தான் நாம் இன்று இந்தத் தொடர்களை அளக்கப் போகிறோம்.

முதலாவது அமெரிக்காவில் 1966-ம் வருஷம் செப்டம்பர் 8-ந் தேதி தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்.' இரண்டாவது இங்கிலாந்தில் 1963-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி பி.பி.சி. தொடங்கிய 'டாக்டர் ஹூ.' இரண்டும் இடையிடையே நின்றாலும், மறுபடி மறுபடி உயிர்பெற்று அரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தவை.

இவைகளைப் பற்றி இப்பொழுது சிலர் ஒரு கூச்சல் போடுகிறார்கள். என்னவென்றால், "அந்தக் காலத்தில் கதை கதையாக இருந்தது. இப்பொழுது பெண், கருப்பர், சமத்துவம் என்று சமுதாய அரசியலைக் கொண்டுவந்து நுழைத்துக் கெடுத்துவிட்டார்கள்" என்கிறார்கள். இது உண்மைதானா என்று பார்ப்போம்.

1966-ல் அமெரிக்கா எப்படி இருந்தது? இன ஒதுக்கலை விலக்கும் சட்டம் 1964-ல்தான் வந்தது. கருப்பருடைய ஓட்டுரிமையைக் காக்கும் சட்டம் 1965-ல்தான் வந்தது. அதற்கு மறு வருஷமே ஜீன் ராடன்பெரி என்பவர் ஒரு வானக்கப்பலைக் காட்டி, அதன் அதிகாரிகளுக்குள் உஹூரா என்ற கருப்பினப் பெண்ணையும், சூலு என்ற ஆசியரையும் உட்கார வைத்தார். 1967-ல், ருஷியாவோடு பகை முற்றியிருந்த காலத்திலேயே, செக்காவ் என்ற ருஷியனையும் சேர்த்தார். சூலுவாக நடித்த ஜார்ஜ் டக்கே யார் தெரியுமா? இரண்டாவது மகாயுத்தத்தின்போது, ஜப்பானிய வம்சத்தில் பிறந்தார்கள் என்ற ஒரே குற்றத்துக்காக அமெரிக்க சர்க்கார் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்ததே, அதில் குழந்தையாக அடைபட்டிருந்தவர். அப்படிப்பட்டவரைக் கப்பலோட்டும் ஆசனத்தில் உட்கார வைத்தது அரசியல் இல்லாமல் வேறு என்ன? ஆகவே அரசியல் இப்பொழுதுதான் நுழைந்தது என்பது சுத்தப் பொய். பிறந்த நாள் முதலே அதில் அரசியல் இருந்தது.

நிற்க, அந்தக் காலத்துச் சமத்துவம் எவ்வளவு தூரம் போயிற்று என்பதையும் நாம் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் பறக்கிற கப்பலைக் கற்பனை செய்தவர்களுக்கு, அதற்கு ஒரு பெண் தலைவியாக இருப்பாள் என்று கற்பனை செய்ய முடியவில்லை. முதன்முதலில் எடுத்த மாதிரிப் படத்தில் கப்பலின் இரண்டாவது அதிகாரி ஒரு பெண்தான். தொடர் வெளிவந்தபோது அந்தப் பாத்திரம் காணாமற் போய்விட்டது. கம்பெனிக்காரர்கள் பெண்ணைச் சகிக்கவில்லை என்று ராடன்பெரி சொன்னார். ஆட்சேபணை அந்த நடிகையைப் பற்றியதே தவிரப் பெண் என்பதற்காக அல்ல என்று கூட வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள். எது எப்படியிருந்தாலும் போனது பெண்ணின் பதவிதான். 1969 ஜூனில் வந்த கடைசிக் கதையில், கப்பல் தலைமை பெண்களுக்கு இல்லை என்று ஒரு பெண்ணே வயிறெரிந்து சொல்லுகிறாள். அவளையும் புத்தி பேதலித்தவளாகத்தான் காட்டினார்கள். முந்நூறு வருஷத்துக்குப் பின் வரப்போகும் உலகத்துக்கும் மனுதர்மம் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்!

உஹூராவின் உத்தியோகமென்ன? பெரும்பாலும் செய்தி வாங்கிச் சொல்லுவது. அதிகாரிதான், ஆனால் கட்டளையிட வாய்ப்பில்லை. இன்னொன்று கேளுங்கள். கப்பல் தலைவனுக்கு முதல் பெயர், நடுப்பெயரின் எழுத்து, குடும்பப் பெயர் எல்லாம் உண்டு. சூலுவின் முதல் பெயர் திரையில் சொல்லப்பட்டது 1991-ல். உஹூராவின் முதல் பெயர் திரையில் சொல்லப்பட்டது 2009-ல். அதாவது 43 வருஷம் அந்தப் பெண் பாதிப் பெயரோடு உத்தியோகம் பார்த்தாள். பெயரைப் பாதியாய்க் கூப்பிடுவதும், "அடே" என்று கூப்பிடுவதும் எப்படிப்பட்ட அவமானம் என்பது நமக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1968 நவம்பரில் வெள்ளைத் தலைவனும் உஹூராவும் முத்தமிட்டதைப் பெரிய புரட்சி என்று இன்றும் பேசுகிறார்கள். வெள்ளையரும் கருப்பரும் மணப்பதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாதென்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னதே 1967 ஜூனில்தான். அதுவரை 16 மாகாணங்களில் அந்தச் சட்டம் அமலில் இருந்தது. ஆகவே அது துணிச்சல்தான், சந்தேகமில்லை. ஆனால் கதையில் அந்த முத்தம் எப்படி வருகிறது? வேறொரு கிரகத்தான் தன் மனோசக்தியால் இருவரையும் பொம்மைகளைப்போல் ஆட்டி வைக்கிறான், அதனால் நடக்கிறது! இரண்டு பேர் தாங்களாக விரும்பினார்கள் என்று காட்ட அன்று தைரியம் வரவில்லை.

இப்படி அரைகுறையாக இருந்த உத்தியோகத்தை விட்டுவிட, உஹூராவாக நடித்த நிசெல் நிக்கல்ஸ் அம்மையார் முதல் வருஷத்து முடிவில் தீர்மானித்துவிட்டார். அப்பொழுது மார்ட்டின் லூதர் கிங் அவர்களைச் சந்திக்க நேர்ந்ததென்றும், "நீங்கள் விலகக் கூடாது, நம்மவர்களை எல்லோருக்கும் சமமாக உலகம் பார்ப்பது உங்கள் மூலமாகத்தான்" என்ற கருத்தில் அவர் வற்புறுத்தினார் என்றும் அந்த அம்மையார் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இருந்து என்ன செய்தார்? 1977-ல் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனமாகிய நாசாவுக்காக ஊர் ஊராகச் சென்று, பெண்களும் கருப்பரும் மனுப்போட வேண்டுமென்று பிரசாரம் செய்தார். 1978-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கருப்பர். இதற்கு அந்த அம்மையார் ஒருவரே காரணமென்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 1992-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் கருப்பினப் பெண்ணாகிய மே ஜெமிசன், சிறு வயதில் உஹூராவைப் பார்த்துத்தான் ஊக்கம் கொண்டதாகத் தாமே சொல்லியிருக்கிறார். பொய்க் கப்பலில் கிடைத்த ஒரு நாற்காலி மெய்க் கப்பலுக்கு வழிகாட்டிற்று. கதையில் யார் எங்கே உட்கார்ந்தால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில்.

இனி கடவுள் விஷயத்துக்கு வருவோம். 1967-ல் வந்த ஒரு கதையில் கிரேக்கருடைய பழைய தேவனாகிய அப்போலோ எதிரே வந்து, என்னை வணங்குங்கள் என்கிறான். கப்பல் தலைவன், மனிதனுக்கு இனித் தேவர்கள் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் எங்களுக்கு ஒருவரே போதும் என்று முடித்துவிடுகிறான்! பல கடவுளைத் தள்ளும் தைரியம் இருந்தது. மிச்சமிருந்த ஒன்றைத் தள்ளினால் தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்துவிடுவார்களே என்ற பயமும் இருந்தது போலும்! அடுத்த தொடர் 1987-ல் தொடங்கிற்று. 1989-ல் அதில் வந்த ஒரு கதையில், இயந்திரம் அறியாத ஒரு கிரகத்து ஜனங்கள் கப்பல் தலைவனாகிய பிக்கார்டையே கடவுளென்று கும்பிட ஆரம்பிக்கிறார்கள். இருக்கட்டும், நல்லொழுக்கத்துக்கு உதவுமே என்று ஒருவன் யோசனை சொல்லுகிறான். பிக்கார்ட் என்ன செய்கிறான்? மூடநம்பிக்கையை விட்டு வெளியே வந்த ஜனங்களை மறுபடியும் அந்த இருட்டில் தள்ளமாட்டேன் என்று மறுத்து, தானும் சாகக்கூடிய மனிதனே என்று காட்ட, அவர்களுடைய அம்புக்கே மார்பைக் காட்டி அடிபட்டு இரத்தம் சிந்துகிறான். கும்பிட வந்தவர்களைக் கும்பிடாதே என்று சொல்லிய 'அவதாரம்' எந்தப் புராணத்திலாவது உண்டா? 22 வருஷத்தில் கதை இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது.

தலைமையும் அப்படியே. 1993-ல் சிஸ்கோ என்ற கருப்பர் ஒரு தொடரின் தலைவரானார். 1995-ல் ஜேன்வே என்ற பெண் கப்பலுக்குத் தலைவியானாள். 2017-ல் வந்த தொடரில் கருப்பினப் பெண்ணே கதாநாயகியானாள். ஆணை ஆண் நேசித்துக் குடும்பம் நடத்துவதும் அதில் இயல்பாகக் காட்டப்பட்டது. 1998-ல் வந்த ஒரு கதையில், 1953-ம் வருஷத்து நியூயார்க்கில் ஒரு கருப்பின எழுத்தாளன், கருப்பனைத் தலைவனாக வைத்து விஞ்ஞானக் கதை எழுதுகிறான். அவன் வேலை பார்க்கும் பத்திரிகையின் முதலாளி அந்த இதழையே வெளியிடாமல் அழித்துவிட்டு, அவனையும் வேலையை விட்டு நீக்குகிறான். இது அந்தத் தொடர் தன் சொந்த வீட்டுக் குப்பையைத் தானே கிளறிக் காட்டியதாகும். தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் கதை யோக்கியமான கதை.

'டாக்டர் ஹூ'வின் கதையும் யோசிக்கத்தக்கதே. 1963-ல் அதன் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் என்ற பெண். முதல் கதையை டைரக்ட் செய்தவர் வாரிஸ் ஹுசேன், நமது நாட்டு லக்னோவில் பிறந்தவர். திரைக்குப் பின்னால் இப்படியிருந்தும், திரையில் டாக்டர் என்ற கதாநாயகன் உருமாறி உருமாறி வரக்கூடியவனாயிருந்தும், 1963 முதல் 2017 வரை 54 வருஷம் வெள்ளை ஆணாகவே மாறிக்கொண்டிருந்தான்! 1977-ல் சீனப் பாத்திரத்துக்குச் சீனரைத் தேடாமல், வெள்ளைக்காரருக்கே வேஷம் பூசி நடிக்க வைத்தார்கள். 2018-ல்தான் பெண் டாக்டராகிய ஜோடி விட்டேக்கருடைய தொடர் வந்தது. அந்த வருஷமே பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பற்றியும், 1947-ல் பஞ்சாபைப் பிளந்ததால் ஒரு குடும்பம் பட்ட பாட்டைப் பற்றியும் கதைகள் வந்தன. பிறகு ருவாண்டாவில் பிறந்த நச்சூட்டி காட்வா 2023 முதல் 2025 வரை டாக்டராக நடித்தார்.

அவர் நடித்த 2024-ம் வருஷத்துக் கதை ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். பணக்கார வாலிபர்கள் மாத்திரம் வாழும் ஒரு பட்டணம். எல்லோரும் வெள்ளையர். பூதம் போன்ற பூச்சிகள் அவர்களை ஒவ்வொருவராக விழுங்குகின்றன. டாக்டர் பாடுபட்டு, மிஞ்சியவர்களை என் கப்பலில் ஏறுங்கள், காப்பாற்றுகிறேன் என்று கெஞ்சுகிறார். அவர்களோ, நீ எங்களைச் சேர்ந்தவனல்ல, உன்னோடு வந்தால் எங்கள் யோக்கியதை கெட்டுப்போகும் என்று சொல்லி, வழி தெரியாத காட்டை நோக்கிச் சாகப் போகிறார்கள். தோழர்களே! செத்தாலும் சாவேன், தீண்டாதவன் கையால் தண்ணீர் வாங்கமாட்டேன் என்கிற புத்தியை நீங்கள் பார்த்ததில்லையா? கதை எழுதியவன் நம் அக்கிரகாரத்தைப் பார்த்ததில்லை. அவன் தன் ஊரைப் பார்த்துத்தான் எழுதினான். வியாதி ஒன்று, பெயர்தான் இரண்டு.

இதையெல்லாம் சொல்லுவதால் புதியதெல்லாம் நல்லது என்று நாம் சொல்லுவதாக நினைத்துவிடாதீர்கள். இவைகளை எடுப்பவர்கள் இலாபத்தையும் பெயரையும் நாடும் ஸ்தாபனங்கள். கருப்பு முகம் ஒன்றும், பெண் முகம் ஒன்றும் வைத்துவிட்டால் வியாபாரம் நடக்குமென்று வைப்பதும் உண்டு. கதையை மறந்து உபந்நியாசம் செய்து ஆளைத் தூங்க வைப்பதும் உண்டு. அதைக் குற்றம் சொல்லுங்கள், நாமும் சேர்ந்து சொல்லுகிறோம். ஆனால் கதை மோசம் என்று சொல்லுவது வேறு, அவள் ஏன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள் என்று கேட்பது வேறு. முன்னது ரசனை, பின்னது ஜாதிபுத்தி. வெள்ளை ஆண்பிள்ளை மாத்திரம் தலைவனாயிருந்தபோது அது அரசியலாகத் தெரியவில்லை, மற்றவர் வந்தவுடன் மாத்திரம் அரசியலாகத் தெரிகிறதென்றால் கோளாறு கதையிலா, கண்ணிலா?

ஆகவே நாம் கேட்டுக்கொள்ளுவது இதுதான். எந்தக் கதையைப் பார்த்தாலும், கேட்டாலும், அது புராணமாயிருந்தாலும், சினிமாவாயிருந்தாலும், வானக்கப்பலாயிருந்தாலும், நான்கு கேள்விகளைக் கேளுங்கள். கட்டளையிடுகிறவன் யார்? கீழ்ப்படிகிறவன் யார்? முழுப் பெயர் யாருக்கு இருக்கிறது? யாருக்கு வாயே இல்லை? இந்தக் கேள்விகளை உங்கள் பிள்ளைகளுக்கும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். மேல்நாட்டில் அந்தக் கதைகள் தாமாக மாறவில்லை. நாற்காலி கிடைக்காதவர்கள் கேட்டார்கள், நாற்காலி கிடைத்தவர்கள் அதை விடாமல் இருந்தார்கள், அதனால் மாறின. நாமும் கேட்டால்தான் நம்முடைய கதைகளும் மாறும்.