காதுக்குள் ஒரு மீன் எலும்பு

(புளியந்தோப்பில் ஆற்றிய சொற்பொழிவு)



மண்டையோட்டில் நெளிந்தோடும் கோடுகளைக் காட்டி, இது பிரம்மன் எழுதிய தலையெழுத்து என்று நம்மை ஏய்த்து வந்தார்கள். அவை எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் பொருத்தே தவிர எழுத்தல்ல. ஆனால் நமது தலையில் படிக்கத்தக்க சரித்திரம் ஒன்று உண்டு. அதைப் படிக்கப் புராணம் வேண்டாம்; காசிமேட்டில் வாங்கும் ஒரு மீன் தலை போதும்.

சுறாப்புட்டு செய்யும் தாய்மார்களுக்குத் தெரியும், சுறாவின் உடம்பில் இருப்பது குருத்தெலும்பு என்று. அதன் மேல்தாடை நம்முடையதைப் போல் மண்டையோடு ஒட்டியிருக்கவில்லை. மண்டையின் பக்கத்திலிருந்து இறங்கும் ஒரு குருத்தெலும்பு தாடை மூட்டைத் தாங்குகிறது. அதனால்தான் சுறா தாடையை முன்னே நீட்டிக் கடிக்க முடிகிறது. கொடுவா, வஞ்சிரம் முதலிய மீன்களில் இதே தாங்கி கெட்டி எலும்பாக இருக்கிறது. குழம்பில் வெந்த தலையில் கன்னச் சதையை எடுத்துவிட்டால், கண்ணுக்குப் பின்னே, செவுள் மூடிக்கு முன்னே தட்டையாக நிற்பது அதுதான்.

அந்தத் தாங்கி நமக்கு ஏன் இல்லை என்று கேட்பீர்கள். இருக்கிறது, தோழர்களே! கரையேறிய பிராணிகளுக்கு மேல்தாடை மண்டையோடு நேரே பிணைந்தபடியால் தாங்கிக்குப் பழைய வேலை போயிற்று. அதன் மேல்முனையோ உட்காதின் அருகில் இருந்தது. ஆகவே அது மெலிந்து, ஒலியின் அதிர்வைக் கடத்தும் புதிய வேலைக்கு வந்தது. கிரீன்லாந்தில் கிடைத்த, சுமார் 36 கோடி ஆண்டுகளுக்கு முந்திய அகாந்தோஸ்டெகா என்ற நாலுகால் பிராணியில் அது இன்னும் தடித்தே இருந்ததை 1989-ல் ஜென்னி கிளாக் என்ற அம்மையார் எடுத்துக் காட்டினார். இன்று அது நம் நடுக்காதில் அங்கவடி எலும்பாக இருக்கிறது. உடம்பிலேயே சிறிய எலும்பு. நொய்யரிசி போல் சுமார் 3 மில்லிமீட்டர். நான் பேசுவதை நீங்கள் கேட்பதே அதன் வழியாகத்தான்.

இது வெறும் யூகமா? மீன் கருவில் எந்த இரண்டாவது செவுள் வளைவிலிருந்து தாங்கி உண்டாகிறதோ, அதற்கு நேரான வளைவிலிருந்தே மனிதக் கருவில் அங்கவடியும் உண்டாகிறது. காதெலும்புகள் இவ்வளைவுகளிலிருந்து வருவதை 1837-லேயே ரைக்கர்ட் என்ற ஜெர்மானியர் பன்றிக் கருக்களில் ஆராய்ந்து காட்டினார்.

முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்பவன் காதிலும், காலில் பிறந்ததாகத் தள்ளப்பட்டவன் காதிலும் இருப்பது இதே மீன் எலும்புதானே! தனித்தனியாகப் படைத்திருந்தால் இருவருக்கும் ஒரே பழைய சாமான் எதற்கு?

நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். நாளைக்கே ஒரு மீன் தலையைப் பிரித்துப் பாருங்கள். பிறகு உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை ஒப்புக்கொள்ளுங்கள்.