நீரிழிவும் நம் மக்களும்

(கழகத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

'நம் மக்களின் கல்வி வளர்ச்சி' என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் எமக்குக் கடிதம் எழுதியிருந்தார். அப்பொருள் பற்றிப் பேச எம்மினும் வல்லார் இம்மேடையில் பலர் உளர். ஆதலின், நீரிழிவு நோய் பற்றிப் பேச அவரிடம் இசைவு கேட்டோம். அவர் தயங்கினார். "விழா மேடையில் வியாதிப் பேச்சு எதற்கு, ஐயா?" என்றார். எம் பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டில் ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டினோம். மறுபேச்சின்றி இசைந்தார்.

அந்தப் பக்கத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பெயருக்கு நேரே, பொங்கல் விடுமுறைக்குப் பின் ஒரே வரிசையாக 'வரவில்லை' என்னும் குறி இருக்கும். கணக்கில் கெட்டிக்காரன். அவன் ஏன் வரவில்லை என்று வீடு தேடிச் சென்று விசாரிக்க வேண்டிய தேவை எமக்கு இருக்கவில்லை. அவன் எம் பெரியப்பா மகனுடைய பிள்ளை. அவன் தந்தையின் வலக்காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தாய் ஒருத்தியின் கூலியில் வீடு நடக்காது என்று பையன் செங்கல் சூளைக்குப் போய்விட்டான். மீண்டும் அவனை வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரு குடும்பத்தில் ஒருவர் கால் போனால் இன்னொருவர் படிப்பும் போகிறது. கல்விக் கழகத்து மேடையில் இந்நோயைப் பற்றிப் பேச இதைவிட வேறு காரணம் வேண்டுமோ?

அந்தக் கால் போனதில் எமக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லவே இன்று நின்றோம். அண்ணன் அதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவு பெற்றே இதைக் கூறுகிறோம்.

எமக்கு அப்போது வயது 46. கடலூரில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தோம். ஓயாத தாகம், இரவில் நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருத்தல், எழுத்துகள் மங்கித் தெரிதல். சித்திரை வெயிலும் கண்ணாடியின் பழுதும் என்று எண்ணியிருந்தோம். அருகிருந்த ஆசிரிய நண்பர் எம் தண்ணீர்ப் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், சுகர் பார்த்தீங்களா?" என்றார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துப் பார்த்தோம். 312 என்று எழுதியிருந்தது. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்பது மருத்துவ நூலார் கணக்கு.

அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தோம். வீட்டில் சொல்லவில்லை. ஒன்றரை ஆண்டு சொல்லவில்லை. மாத்திரைகளைப் பள்ளி அலமாரியில் பழைய வினாத்தாள் கட்டுகளுக்குப் பின்னால் வைத்திருந்து, யாரும் பாராத நேரத்தில் விழுங்கினோம். குடும்பத்தில் முதல் அரசு உத்தியோகம் எமது. எம்மை நம்பிப் பல வீடுகள். 'தலைமையாசிரியருக்கே ஆகவில்லையாம்' என்னும் சொல் தெருவில் கிளம்புமே என்ற அச்சம். வெட்கம் என்றும் சொல்லலாம்.

அந்த நாள்களில்தான் அண்ணன் ஒரு மாலை எம் திண்ணைக்கு வந்தார். கரும்பு வெட்டிக் களைத்திருந்தார். "தம்பி, காலு ரெண்டும் மதமதன்னு இருக்குது. செருப்பு கழண்டு வுழுந்தாலும் தெரிய மாட்டேங்குது" என்றார். அது எதன் அறிகுறி என்பதை அதற்குள் யாம் படித்து அறிந்திருந்தோம். 'எனக்கும் இருக்கிறது, நாளைக் காலை வாருங்கள், சேர்ந்து போய்ப் பார்ப்போம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் எம் மறைவு வெளிப்படும். "எண்ணெய் தேய்த்துப் பாருங்கள் அண்ணா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். எட்டாம் மாதம், வெட்டிய கரும்பின் அடிக்கட்டை ஒன்று அவர் பாதத்தில் ஏறியது. ஏறியதை அவர் அறியவில்லை. புண் நாறிய பிறகே வீட்டார் கண்டனர். மருத்துவமனையில் சோதித்தபோதுதான் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

எம் இல்லத்தரசி மாத்திரைகளைக் கண்டுபிடித்ததும் அந்த வாரத்திலேதான். "ஊருக்கெல்லாம் பாடம் சொல்றீங்க, எங்கிட்டச் சொல்ல வாய் வரலையா?" என்றார். அதற்கு எம்மிடம் விடை இல்லை.

அண்ணன் வீடு திரும்பியபின் எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "இனிமே வர்றவங்ககிட்டயாவது சொல்லு" என்றார். மாதந்தோறும் கடைசி ஞாயிறு மாலை கழகக் கட்டடத்தின் பின்னறையில் நாம் கூடுவது அப்படித் தொடங்கியதே. முதல் மாதம் வந்தவர் மூவர்: அண்ணன், யாம், எம் இல்லத்தரசி. இன்று பாய் போதவில்லை. அங்கே யாரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. அவரவர்க்கு நோய் தெரிந்த கதையையும் அதனோடு வாழும் பாட்டையும் அவரவர் சொல்கிறார்கள், அவ்வளவே. கேட்டவற்றுள் சிலவற்றைப் பெயர் கூறாமல் இங்கே சொல்கிறோம்.

நடவுக்குச் செல்லும் தாயார் ஒருவர் கூறினார்: ஆண்டுதோறும் வரும் சேற்றுப்புண்தான் என்று மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாராம். மற்றப் பெண்களுக்கு ஒரு வாரத்தில் ஆறியது, இவருக்கு மட்டும் கார்த்திகை போய் மார்கழி வந்தும் ஆறவில்லை. ஆறாத புண்ணே அவருக்கு நோயைச் சொன்ன வைத்தியர்.

இன்னொருவர் மாத்திரை போட்டுக்கொண்டு, விடியலில் ஒன்றும் உண்ணாமல் கரும்பு வெட்டப் போனவர். பத்து மணிக்கு வேர்த்து, கைகால் நடுங்கி, நாக்குக் குழறி வரப்பில் விழுந்தார். குடித்திருக்கிறான் என்று புளிய மரத்தடியில் இழுத்துப் போட்டுவிட்டு மற்றவர்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர் குடிப்பவர் அல்லர். சர்க்கரை மிகுவது ஒரு கேடு. மருந்துண்டு பட்டினி கிடந்தால் அது தாழ்வது உடனடிக் கேடு. சோறு கொண்டுவந்த அவர் மனைவி வாயில் வெல்லக் கட்டியைத் திணித்தார். கால் மணியில் எழுந்து உட்கார்ந்தார். வாயால் விழுங்கும் நினைவிருந்ததால் அது பலித்தது. நினைவு முற்றும் தப்பியவர் வாயில் எதையும் திணித்தல் ஆகாது, புரையேறும். அப்போது 108ஐ அழைப்பதே வழி. இதை அந்தப் பின்னறையில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் பலர். உடன் வேலை செய்பவருக்கு இந்நோய் இருப்பது தெரிந்திருந்தால் அவரைப் புளிய மரத்தடியில் போடுவார்களா?

மூன்றாவது, எம் பள்ளி மாணவி ஒருத்தி. சிறு வயதிலேயே வரும் வகை நீரிழிவு அவளுக்கு. உடலில் இன்சுலின் சுரப்பதே இல்லை, ஆதலின் நாள்தோறும் ஊசி. பெண் பிள்ளை ஆயிற்றே, நாளை கல்யாணம் தடைப்படுமே என்று பெற்றோர் பள்ளியில் மறைத்திருந்தனர். திங்கட்கிழமை வழிபாட்டுக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பின்னரே எமக்குத் தெரிந்தது. அவள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் சிறு பானை வைத்து, அதில் மருந்துப் புட்டியை வைத்துக் காத்துவருகிறார்கள். இன்று எம் மேசை இழுப்பறையில் சாக்கட்டியோடு வெல்லமும் இருக்கிறது. 1922 சனவரியில் கனடாவின் டொரண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கே முதன்முதல் இன்சுலின் செலுத்தினார்கள். அதற்கு முன் இவ்வகை நோய் வந்த பிள்ளைகள் நெடுநாள் பிழைத்ததில்லை. நம் மாணவி எட்டாம் வகுப்புத் தேறி ஒன்பதுக்கு வந்திருக்கிறாள்.

'இது பணக்கார வியாதி; உழைக்கிற உடம்புக்கு வராது' என்று நம்மவர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றனர். எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டிப் போடுகிற கைக்குச் சர்க்கரை நோய் வருமா என்று வேடிக்கையாகக் கேட்பாரும் உண்டு. ஒரு காலத்தில் அது ஓரளவு உண்மையாயிருந்திருக்கலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் மருத்துவர் எம். விசுவநாதன் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு தொடங்கியபோது இது பெருநகரத்தார் நோயாகவே கருதப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்த பெரும் ஆய்வு 2017இல் வெளியிட்ட செய்தி வேறு. தமிழ்நாடு போன்ற, பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில், வசதி உள்ளவரைவிட வசதி குறைந்தவரிடையே இந்நோய் மிகுதி என்று அது கண்டது. அவ்வாய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை நாட்டில் 10.1 கோடிப் பேர்க்கு நீரிழிவு என்கிறது. நோயின் வாயிலில் நிற்போர் மேலும் 13.6 கோடி. செல்வர் விட்டுச் சென்றவற்றுள் இதுவும் நமக்கு வந்து சேர்ந்துவிட்டது போலும்.

உணவைப் பற்றி ஒரு சொல். பாட்டன் காலத்துக் கேழ்வரகுக் கூழுக்குத் திரும்பினால் நோய் தீரும் என்பார் உளர். கூழும் மாவுப் பொருளே. சட்டி சட்டியாய்க் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். பாகற்காய்ச் சாறும் வேப்பங்கொழுந்தும் மருந்துக்கு மாற்று அல்ல. அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்திய இருவரை யாம் அறிவோம். ஒருவர்க்குக் கண் பார்வை போயிற்று. சோற்றைக் குறைத்து, காயும் கீரையும் பயறும் கூட்டி, அரைமணி நடந்து, மருந்தையும் விடாதிருத்தலே வழி.

அண்ணல் அம்பேத்கர் நீரிழிவாளர் என்பதை நம் இளைஞருள் எத்தனை பேர் அறிவீர்கள்? அரசியலமைப்பின் வரைவுக் குழுத் தலைவராய் அவர் இரவும் பகலும் உழைத்த காலத்திலேயே இந்நோயும், அதனால் விளைந்த கால் வலியும் அவரை வாட்டின. சிகிச்சைக்காகப் பம்பாய் சென்றவிடத்தில் அறிமுகமான மருத்துவர் சாரதா கபீரையே 1948 ஏப்ரல் 15இல் மணந்தார். சவிதா அம்பேத்கர் என்று நாம் அறிந்தவர் அவரே. அண்ணல் தம் நோயை மறைத்தவர் அல்லர். 1951 ஆகஸ்டில் பிரதமர் நேருவுக்கு எழுதிய கடிதத்தில், தம் உடல்நிலை கவலை தருவதைக் கூறி, மருத்துவர்களிடம் தம்மை ஒப்படைக்கு முன் இந்து சட்டத் தொகுப்பு மசோதா நிறைவேற வேண்டும் என்று கேட்டார். 1954இல் பல மாதம் படுக்கையில் கிடந்தார். 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் முன் பௌத்தம் தழுவியவர், அவ்வாண்டு டிசம்பர் 6இல் தம் 65ஆம் வயதில் மறைந்தார். அவரைப் போல் உழைப்போம் என்று நம் மேடைகளில் சூளுரைப்பார் பலர். அவரைப் போல் நோயைச் சொல்லிக்கொள்வோம் என்று யாரும் கூறக் கேட்டதில்லை.

இனிக் கால் பற்றி. எம் பாட்டனார் கடைத்தெருவில் செருப்பு வாங்கிப் போட்டு வருவாராம்; ஊர்த் தெரு வந்ததும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாராம். எம் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1955இல் தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் வந்தது. அதன் பின்னும் நெடுநாள் அக்கொடுமை நடந்தது. இன்று நம்மைக் கழற்றச் சொல்வாரை நாம் விடமாட்டோம். ஆனால் பழக்கம் எங்கோ தங்கிவிட்டது. நல்ல செருப்பு பேருந்தில் போவதற்கு, கல்யாணத்திற்கு. வயலுக்கும் கொல்லைக்கும் வெறுங்கால். நீரிழிவால் உணர்வு மரத்த பாதத்திற்கு வெறுங்காலைப் போன்ற பகை வேறில்லை. முதலில் தொழுநோயாளர்க்கென வந்த எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர்ச் செருப்பு நீரிழிவாளர்க்கும் ஏற்றது. நம் உறுப்பினர் ஒருவர் அதை வாங்கி மூன்று மாதம் பரணில் வைத்திருந்தார். 'குஷ்டக்காரன் என்பார்கள்' என்றார். அவரைப் பழிக்க எமக்குத் தகுதி இல்லை. யாம் மாத்திரையை வினாத்தாளுக்குப் பின் வைத்தவர். அண்ணன் அவர் வீட்டுக்குக் கோல் ஊன்றிச் சென்று, தம் காலில்லாத பக்கத்தைக் காட்டிவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்தார். இப்போது அவர் அச்செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போகிறார்.

மருந்துக்குப் பணமில்லை என்னும் காரணம் இன்று செல்லாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் நம் தெருவுக்கே வருகிறார்கள். அவர்கள் வரும்போது 'எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை' என்று கதவுக்குப் பின் நின்று சொல்லும் வீடுகள் இன்னும் சில உள. எவை என்று யாம் அறிவோம். அவ்வீட்டாரும் இங்கே இருக்கிறார்கள். குறை கூறவில்லை. வாருங்கள் என்றே அழைக்கிறோம்.

வரும் கடைசி ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பின்னறையில் கூடுகிறோம். சர்க்கரை பார்க்கும் கருவி ஒன்றை நம் கல்லூரி மாணவர்கள் தம் உதவித்தொகையில் வாங்கித் தந்துள்ளனர். முப்பது வயது கடந்த அனைவரும் ஒரு முறை விரலை நீட்டலாம். அண்ணன் ஒவ்வொருவர் பாதத்தையும் விளக்கடியில் பார்ப்பார். அவர் கண்ணுக்குச் சிறு கொப்புளமும் தப்பாது. பாய் விரித்த அறை என்பதால் இதுவரை எல்லாரும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். செயற்குழுவில் பேசிப் பாயை எடுத்துவிட்டு விசிப்பலகை போடச் சொல்லியிருக்கிறோம். அன்று முதல் யாரும் கழற்ற வேண்டியதில்லை. செருப்போடே உள்ளே வரலாம்.