போதிக்கும் திருச்சபையும் கற்கும் மக்களும்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கத்தோலிக்கப் போதனையில் திருச்சபைக்கும் பொதுநிலையினருக்கும் உள்ள பங்கு குறித்துப் பேசுமாறு விழாக்குழுவினர் பணித்துள்ளனர். நம் கழகத்தினர் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் போதிப்பவர் யார், கேட்பவர் யார் என்னும் வினா, கல்விக்கென்றே கூடிய சங்கத்துக்கு அயலானதன்று. எழுத்தே மறுக்கப்பட்டிருந்த மக்களின் வழிவந்த நமக்கு அது சொந்த வினா.

பழைய மறையியலார் திருச்சபையை இரண்டாகப் பகுத்துப் பேசினர். திருத்தந்தையும் ஆயர்களும் போதிக்கும் திருச்சபை. ஏனையோர் கற்கும் திருச்சபை. பாமர மொழியில் சொன்னால், குருவானவர் பிரசங்கம் செய்வார். நாம் கேட்போம், காணிக்கை இடுவோம், வீடு திரும்புவோம். 1962 முதல் 1965 வரை கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்த எண்ணத்தைத் திருத்தியது. திருச்சபையைப் பற்றி 1964-இல் அது வெளியிட்ட ஏட்டில், ஆயர்களைப் பற்றிய அதிகாரத்துக்கு முன்பாகவே இறைமக்களைப் பற்றிய அதிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. இது தற்செயலாக அமைந்த வரிசை அன்று. விவாதித்து மாற்றிய வரிசை. அதிகாரபூர்வமாகப் போதிக்கும் பொறுப்பு ஆயர்களுக்கே உரியது என்பதைச் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் விசுவாசத்தைக் காக்கும் உணர்வு ஆயர் தொடங்கிக் கடைசி விசுவாசிவரை முழு மக்களுக்கும் அருளப்பட்டது என்று உரைத்தது. இனத்தாலோ சமூக நிலையாலோ திருச்சபைக்குள் ஏற்றத்தாழ்வு இல்லை என்றும் கூறியது.

இதைப் படித்ததும் நம்மவர் சிலர் முறுவலிப்பது நமக்குத் தெரியும். ஏட்டில் எழுதியது இருக்கை வரிசையில் தெரிய வேண்டாமா? நியாயமான கேள்விதான். எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. இந்தப் போதனையை ஏடு வருவதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உரக்கச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

நாம் வாழும் இந்நெய்வேலி, புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் தலைநகராகிய புதுச்சேரியில் 1704-இல் திருத்தந்தையின் தூதர் தூர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் நோயுற்றால் அவர்தம் குடிசைக்குள் சென்று அருளடையாளங்கள் வழங்கக் குருக்கள் மறுக்கக்கூடாது என்பது அதன் ஒரு பகுதி. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவ்விவகாரத்துக்கு இறுதித் தீர்ப்பு எழுதினார். ஆணைகள் வந்தன, ஆலயத்துக்குள் சுவர் நின்றது. சுவருக்கு ஒருபுறம் சாதிக் கிறிஸ்தவர், மறுபுறம் நம் மக்கள். 1745 அக்டோபரில் நம் மக்கள் திரண்டு தலைமைக் குருவிடம் சென்றனர். நாங்களும் உம் சீடர்களானால் எங்களுக்கு மட்டும் இந்தப் பிரிவினை ஏன் என்று முறையிட்டனர். குருவானவர் அதன் நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார். இதைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறிஸ்தவர் அல்லர்; நம் பக்கம் பேச வேண்டிய கட்டாயமும் அவருக்கில்லை.

அன்று போதித்தவர் யார், கற்றவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். முறையிட்ட அம்மக்களுள் ஒருவர் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை.

பொதுநிலையினர் என்றாலே நியாயத்தின் பக்கம் நிற்பவர் என்றும் எண்ணிவிடலாகாது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயம், பீடத்திலிருந்து இரு கைகளாகப் பிரிந்து விரிந்தது. ஒரு கை வேளாளருக்கு, மறு கை நாடார் முதலான ஏனையோருக்கு. கால்சட்டை போன்ற கோயில் என்று கண்டவர் நகைத்தனர். 1910-இல் அத்தடுப்பு அகற்றப்பட்டபோது, தனியிடம் எங்கள் உரிமை என்று நீதிமன்றம் ஏறியவர்கள் பொதுநிலையினரே. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. அங்கே மேய்ப்பர்கள் இடித்தனர். மந்தையின் ஒரு பகுதி வழக்காடியது.

தொலைவில் உள்ள ஊரைப் பேசுவது எளிது. உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த எறையூர் நமக்குத் தொலைவன்று. நம் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்ததுமாகும். செபமாலை மாதா ஆலயப் பங்கில் சம உரிமை கிடைக்காத தலித் கத்தோலிக்கர், தாங்கள் எழுப்பிய சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக அறிவிக்க வேண்டினர். 2008 மார்ச் 9 அன்று அவர்தம் வீடுகள் தாக்கப்பட்டன. காவல்துறை துப்பாக்கியால் சுட்டதில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் மாண்டனர். மாண்டவர்களும் நம் சகோதரர்களே. ஆனால் நமக்குள் ஒரு வினா எஞ்சுகிறது: தனிப் பங்கு கேட்பது சரியா? சமத்துவம் கேட்டுச் சலித்தவன் தனிமை கேட்கிறான். அதைக் குற்றம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சுவரை இடிக்கச் சொன்ன 1745-ஆம் ஆண்டு முறையீடே பெரிது என்பதும் நம் எண்ணம்.

இந்திய ஆயர்கள் மௌனமாயிருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. 1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய ஆயர் பேரவை, சாதிக்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று அறிவித்தது. 2016-இல் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கை ஏட்டையே வெளியிட்டது. போதனைக்குக் குறைவில்லை, அதைப் பங்கில் கேட்டு வாங்குவோர்தாம் குறைவு.

அரசிடமும் நமக்கு வழக்குண்டு. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியினர் என்பதை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நம்மவர் கிறிஸ்தவரானால் தமிழகத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுகின்றனர். பொதுத்துறை வேலையை நம்பி எழுந்த இந்நகரியத்தில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரும் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழ நேர்ந்தோரை நாம் பழிக்க மாட்டோம். சாதி மதம் மாறினாலும் விடுவதில்லை என்று தில்லியில் வாதிடும் திருச்சபை, அதே உண்மையைத் தன் கல்லறைத் தோட்டத்திலும் பார்க்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

நகரியத்தில் வீடுகள் பதவிக்கேற்ப ஒதுக்கப்பட்டன. ஊர் என்றும் சேரி என்றும் பிரித்துக் கட்டப்படவில்லை. இங்குள்ள ஆலயத்தில் யார் எங்கும் அமரலாம். திருவிழாவுக்கோ இறப்புக்கோ சொந்த ஊர் செல்லும்போதுதான் பழைய கோடு காலில் இடறுகிறது. ஆகவே இங்கே கற்று அங்கே பேசும் கடமை நெய்வேலி இளைஞருக்கு உண்டு.

என்ன கற்பது? 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் மூன்று எண்களையாவது கற்றுக்கொள்ளுங்கள். 212: திருச்சபையின் நன்மை குறித்த தம் கருத்தை மேய்ப்பருக்குத் தெரிவிக்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு; சில வேளைகளில் அது கடமையுமாகும்; மரியாதை தவறக்கூடாது. 536: ஆயர் தக்கதெனக் கருதினால் பங்குப் பேரவை அமைக்கப்படும், அது ஆலோசனை மட்டுமே கூறும். 537: நிதிக்குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருத்தல் வேண்டும். பேரவைத் தேர்தலுக்கு அடித்துக்கொள்ளும் நம்மவர், கட்டாயமான நிதிக்குழுவை எட்டிப் பார்ப்பதில்லை. கணக்கு வாசிக்கத் தெரிந்த ஓர் இளைஞன் அங்கே அமர்ந்தால் பத்து ஆர்ப்பாட்டத்துக்குச் சமம்.

மறைக்கல்வியையும் சொல்ல வேண்டும். குரு ஆண்டுக்கு ஓரிருமுறை வந்துபோன காலத்தில், சிற்றூர்களில் செபம் சொல்லிக்கொடுத்து, நோயாளியைச் சந்தித்து, இறந்தவரை அடக்கம் செய்து விசுவாசத்தைக் காத்தவர் உபதேசியார். அவர் பொதுநிலையினர், கூலியோ அற்பம். 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அப்பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். 2023 அக்டோபரில் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றத்தில் பொதுநிலை ஆண்களும் பெண்களும் முதன்முறையாக வாக்களித்தனர். நம் பெண்மக்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பைப் பொறுப்பேற்க முன்வர வேண்டும். சுவர் இடிந்த கதையைப் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்வார்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, கத்தோலிக்க உறுப்பினர்கள் தத்தம் சொந்த ஊர்ப் பங்கைப் பற்றி மூன்று செய்திகளை எழுதிக்கொண்டு வாருங்கள்: நிதிக்குழு உள்ளதா, அதில் நம்மவர் எத்தனை பேர், கல்லறைத் தோட்டத்தின் நடுவே வேலி ஓடுகிறதா.