ஷிஃப்ட் மாறினாலும் உடற்பயிற்சி நிக்கக் கூடாது

கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி பக்கத்துல இருந்து வர்ற கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது. "வாரா வாரம் ஷிஃப்ட் மாறுது. ஜிம்ல பணம் கட்டினாலும் ஒழுங்கா போக முடியல. என்ன செய்யறது?" வீட்டிலேயே செய்யுங்க. ஜிம்முக்குப் போக வழி இல்லாதவங்களுக்கு ஒரு ஆறுதலுக்காக இதைச் சொல்லல. சிப்காட் தொழிற்பேட்டையில வேலை பார்க்கிற ஒருத்தருக்கு முதல்ல சொல்ல வேண்டிய வழியே இதுதான். ஒரு வாரம் காலை ஆறு மணி ஷிஃப்ட், அடுத்த வாரம் மதியம் ரெண்டு மணி, அதுக்கப்புறம் நைட். இந்தச் சுழற்சியில ஜிம்முக்குன்னு ஒரே நேரத்தை ஒதுக்கினா, மூணு வாரத்துல ஒரு வாரமாவது அது அடிபடும். உடம்புக்கு வேண்டியது விடாம செய்யற பழக்கம். பத்து நாள் வெறியா செஞ்சுட்டு இருபது நாள் விட்டுட்டா, சேர்ந்த பலமும் கரைஞ்சு போயிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020ல வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்க. பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தர்ற பயிற்சி. இதுல எங்கேயும் ஜிம் கட்டாயம்னு சொல்லல. முன்னாடி, ஒரே மூச்சா பத்து நிமிஷமாவது செஞ்சாத்தான் கணக்குன்னு ஒரு நிபந்தனை இருந்துச்சு. அதையும் எடுத்துட்டாங்க. அஞ்சு நிமிஷம் செஞ்சாலும் கணக்குல சேரும். ஆனா ரெண்டாவது பாதியை, அதாவது தசைப் பயிற்சியை, நம்ம ஆளுங்க தொடர்ந்து விட்டுடறாங்க. "நான் தினமும் நடக்கிறேனே" அப்படின்னு சொல்றாங்க. நடங்க, ரொம்ப நல்லது. ஜி.என்.டி. ரோட்டு ஓரமா லாரிகளோட நடக்காம, உள் தெருவுல நடங்க. ஆனா நடை மட்டும் போதாது. மறுபடியும் சொல்றேன், நடை மட்டும் போதாது.

அடுத்த கேள்வியும் நிறைய வருது. "எட்டு மணி நேரம் மெஷின் முன்னாடி நிக்கிறேன், மூட்டை தூக்கறேன். அதுவே உடற்பயிற்சிதானே?" இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. 1953ல ஜெரி மாரிஸ்ங்கிற மருத்துவர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை வச்சு ஒரு ஆய்வை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டற டிரைவரைவிட, படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிச்ச கண்டக்டருக்கு இதய நோய் குறைவா இருந்துச்சு. அதைக் கேட்டா, வேலையே போதும்னுதான் தோணும். ஆனா 2021ல கோபன்ஹேகன்ல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களை வச்சு நடந்த ஆய்வு வந்துச்சு. ஓய்வு நேரத்துல உடம்பை அசைச்சவங்களுக்கு மாரடைப்பு மாதிரியான பாதிப்புகளோட ஆபத்து குறைவா இருந்துச்சு. வேலையில கடுமையா உழைச்சவங்களுக்கோ அந்த ஆபத்து கூடுதலா இருந்துச்சு. இதுக்கு ஆய்வாளர்கள் சொல்ற விளக்கம்: பாரம் தூக்கறது, ஒரே நிலையில நிக்கிறது, போதுமான ஓய்வில்லாம இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மணிக்கணக்கா ஏறியே இருக்கறது. உடற்பயிற்சி அப்படி இல்ல. கொஞ்ச நேரம் இதயத்துக்கு நல்லா வேலை கொடுத்து, அப்புறம் ஓய்வு கொடுக்குது. அதனால கம்பெனி வேலையைப் பயிற்சிக் கணக்குல எழுதாதீங்க. வீட்டு வேலை செய்யற அம்மாக்களுக்கும் இதையேதான் சொல்வேன். பாத்திரம் தேய்ச்சு, குனிஞ்சு பெருக்கி இடுப்பு வலிக்குதுன்னா, இடுப்புக்குப் பயிற்சி கிடைச்சிருச்சுன்னு அர்த்தம் இல்ல.

"மெஷின் இல்லாம தசை வளருமா?" வளரும். கனடாவுல மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016ல ஒரு ஆய்வை வெளியிட்டுச்சு. ஏற்கெனவே பயிற்சி எடுத்துட்டிருந்த இளைஞர்கள்ல ஒரு குழு அதிக எடையைக் குறைவான தடவை தூக்கினாங்க. இன்னொரு குழு குறைவான எடையை இருபது, இருபத்தஞ்சு தடவை, இனி முடியாதுங்கிற வரைக்கும் தூக்கினாங்க. பன்னிரண்டு வாரத்துல ரெண்டு குழுவுக்கும் தசை கிட்டத்தட்ட ஒரே அளவு வளர்ந்துச்சு. முழு முயற்சி இருந்தா, எடை குறைவா இருந்தாலும் தசை வளரும்னு இதுல தெரியுது. நம்ம ஊர் தண்டாலும் பஸ்கியும் இதைத்தான் செய்யுது. தண்டால் எடுக்க முடியலையா? சுவத்துல கை ஊனி ஆரம்பிங்க. அது சுலபமானதும் கட்டில் விளிம்புல கை வைங்க, அப்புறம் தரைக்கு வாங்க. பஸ்கிக்கு, ஆடாத ஒரு நாற்காலியில கையை ஊனாம உட்கார்ந்து எழுந்திருங்க. முதுகுக்கு, பாதி தண்ணி நிரப்பின அஞ்சு லிட்டர் கேனை எடுத்துக்கங்க. ஒரு கையைக் கட்டில்ல ஊனி, முதுகை வளைக்காம முன்னாடி சாய்ஞ்சு, இன்னொரு கையால கேனை இடுப்பு வரைக்கும் இழுங்க. கடைசி ரெண்டு தடவை கஷ்டமா இருக்கணும். சுலபமா முடிஞ்சா, அடுத்த தடவை தண்ணியைக் கூட்டுங்க.

"ஒரே ரூம்ல நாலு பேர் தங்கியிருக்கோம்." பாய் விரிக்கிற இடம் போதும், குதிக்க வேண்டாம். "வீட்டுல செஞ்சா ரெண்டு நாள்ல விட்டுடுவோம்." இது நியாயமான சந்தேகம். அதனால கடிகாரத்தைப் பார்க்காதீங்க, குளியலோட சேர்த்துடுங்க. எந்த ஷிஃப்ட்டா இருந்தாலும் குளிப்பீங்க இல்லையா, அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா முதல்ல தூங்குங்க, எழுந்து குளிக்கிறதுக்கு முன்னாடி செய்யுங்க. தூக்கத்தை வெட்டிப் பயிற்சி செய்யாதீங்க. ஜிம்முக்கும் ஒரு இடம் இருக்கு. போட்டிக்குத் தயாராகறவங்க, பெரிய எடை தூக்க ஆசைப்படறவங்க தாராளமா போங்க. நல்ல பயிற்சியாளர் பக்கத்துல இருக்கறது பெரிய பலம்.

சர்க்கரை, பிரஷர் இருக்கறவங்க மருத்துவர்கிட்ட கேட்டுட்டு ஆரம்பிங்க. மூச்சை அடக்காதீங்க. நெஞ்சு வலிச்சாலோ தலை சுத்தினாலோ உடனே நிறுத்துங்க. மே மாச வெயில்ல தகர ஷீட் வீட்டுக்குள்ள மதியம் செய்யாதீங்க. 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் மூலமா வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கறாங்க, கூச்சப்படாம பரிசோதிச்சுக்கங்க. ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2023ல வெளியான ஆய்வுப்படி, தமிழ்நாட்டுப் பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏழு பேர்ல ஒருத்தருக்குச் சர்க்கரை நோய் இருக்கு. உங்க ஷிஃப்ட்ல உங்களோட நிக்கிறவங்களை எண்ணிப் பாருங்க. திங்கட்கிழமை வரைக்கும் தள்ளிப் போடாதீங்க. இன்னைக்குக் குளிக்கிறதுக்கு முன்னாடி பத்து பஸ்கி, பத்து சுவர் தண்டால். இதோட ஆரம்பிங்க.