ஓத மின்சாரம் நம் கரைக்குப் பொருந்துமா?

(சீர்காழியில் நிகழ்த்திய உரையிலிருந்து)

 

"திருமுல்லைவாசலில் கடல் இருக்கிறது, பழையாற்றில் கடல் இருக்கிறது. அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் நம் பிள்ளைகள் வேலைக்காக ஏன் வளைகுடாவுக்கு ஓட வேண்டும்?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டியது நம் கடமை.

ஓத மின்சாரத்தின் பெருமையை மறுப்பதற்கில்லை. நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. காற்று எப்போது வீசும் என்று தெரியாது. ஆனால் ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கணக்கிட்டு விடலாம். பிறைக் கணக்கு நமக்குப் புதிதா என்ன! பிரான்சில் லா ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966இல் கட்டிய 240 மெகாவாட் நிலையம் ஐம்பது ஆண்டுகளைத் தாண்டி ஓடுகிறது.

ஆனால் அதற்காக முகத்துவாரத்தை அடைத்தபோது உள்ளே இருந்த மீன்வளம் அழிந்தது. அது மீண்டுவரப் பல ஆண்டுகள் ஆயின. தென்கொரியாவின் சிஹ்வாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. அங்கே 1994இல் எழுப்பிய கடல் சுவர் ஏரியைச் சாக்கடையாக்கியிருந்தது. 2011இல் அதே சுவரில் 254 மெகாவாட் நிலையம் அமைத்துக் கடல்நீரை உள்ளே விட்ட பிறகு தண்ணீர் தெளிந்தது. ஆக, இடம் பார்த்துத்தான் எதையும் சொல்ல முடியும்.

நம் இடம் எப்படி? காம்பே வளைகுடாவில் ஓதம் சுமார் 11 மீட்டர் ஏறி இறங்குகிறது. நம் கரையில் ஒரு மீட்டர் கூடத் தேறாது. அணை கட்டி எடுக்கும் மின்சாரம் ஏற்றத்தின் இருமடிப்படி அமையும். உயரம் பத்தில் ஒரு பங்கானால், அதே பரப்பில் கிடைப்பது நூறில் ஒரு பங்கு! ஓதம் நன்றாக ஏறும் சுந்தரவனத்தின் துர்கதுவானியிலேயே, 3.75 மெகாவாட் திட்டத்துக்கு மெகாவாட்டுக்கு 63 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் என்று கைவிட்டார்கள். கட்ச் வளைகுடாவில் போட்ட 50 மெகாவாட் திட்டமும் அப்படியே போயிற்று.

அலை மின்சாரம் வேறு சங்கதி. சென்னை ஐ.ஐ.டி. 2022 நவம்பரில் தூத்துக்குடிக் கடலில் ஒரு கருவியைச் சோதித்தது. கிடைத்தது 100 வாட். ஒரு மின்விசிறி ஓடும். ஆராய்ச்சி வளரட்டும், வரவேற்போம்.

நம் ஊரில் ஓதம் செய்கிற வேலை வேறு. காவிரியில் தண்ணீர் குறையும் மாதங்களில் அது உப்பனாற்றிலும் கொள்ளிடத்திலும் ஏறி வருகிறது. கடைமடை வயல் உப்பாகிறது. குழாயடித் தண்ணீர் கரிக்கிறது. உப்பைத் தடுக்கும் கதவணைதான் நமக்கு அவசரத் தேவை. அதைக் கட்டும்போதும் பழையாற்று, திருமுல்லைவாசல் மீனவர்களின் படகு போக வழி விட்டாக வேண்டும். விவசாயியையும் மீனவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசிய பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் எழுதிக் கொடுப்போம். நாளை எவராவது ஓத மின்சாரம் என்று சொல்லிக் கரையோர நிலம் கேட்டு வந்தால், "இங்கே ஓதம் எத்தனை மீட்டர்?" என்று முதலில் கேளுங்கள்.